ஐப்போவில் விற்கும் 'முதல் பனி'

பயணம் முடிந்து இரண்டு வாரமாகிறது. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறவில்லை, அதனால் சூடாகவே எழுதுகிறேன். ஐப்போவுக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள், குறிப்பாக என்னைப் போல ஜப்பானியத் தேநீர்க் கிண்ணங்களுக்காக ஊர் ஊராக அலைகிறவர்கள், கடைசி வரை படித்துவிடுங்கள். ரயில் கட்டணம், வண்டி வாடகை எல்லாம் உள்ளேயே இருக்கிறது. திட்டுகளுக்கு நடுவே தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னைப் பற்றி. நான் கிள்ளானில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக ஜப்பானியத் தேநீர்க் கிண்ணங்கள் சேர்க்கிறேன். பச்சைத் தேயிலைத் தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூங்கில் துடைப்பத்தால் நுரை வர அடித்துக் குடிக்கிற கிண்ணங்கள். "ஒரு வாய் டீ குடிக்க இத்தனை சட்டியா?" என்று என் அக்கா வருகிறபோதெல்லாம் கேட்பாள். அவளுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

என்னைப் பிடித்து இழுத்தது அந்தக் கிண்ணங்களில் இருக்கும் பருவம்தான். வசந்தத்துக்குச் செர்ரிப் பூ, குளிருக்குப் பிளம் பூ, இலையுதிர் காலத்துக்குச் சிவந்த மேப்பிள் இலை, நாணல், நிலா. குளிர்காலக் கிண்ணம் சூடு நிற்க ஆழமாக இருக்கும், கோடைக் கிண்ணம் ஆற வசதியாக அகன்றிருக்கும். அதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. பூ மரத்தில் பூப்பதற்குக் கொஞ்சம் முன்பே அந்தப் பூ வரைந்த கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும். மரமே பூத்து நிற்கும்போது கிண்ணத்தில் எதற்கு?

நம் மலேசியாவில் ஏது நான்கு பருவம் என்று கேட்பீர்கள். வெயில், மழை, மறுபடி வெயில். ஆனால் எனக்கு ஒரு பருவம் தெரியும். நான் பிறந்தது ரப்பர் தோட்டத்தில். பிப்ரவரி வாக்கில் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், இலை சிவந்து கொட்டும். அந்த மாதம் மேப்பிள் கிண்ணத்தில் டீ குடிக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஆனால் என்னிடம் நல்ல இலையுதிர்க் கிண்ணம் ஒன்றுகூட இல்லை.

இந்த நேரத்தில்தான் ஐப்போ பழைய நகரத்தில் ஒரு கடை தன் பக்கத்தில் படம் போட்டது. 'பேராக்கின் பழைய மாளிகையிலிருந்து ஜப்பானியத் தேநீர்க் கிண்ணங்கள். இலையுதிர் வரிசை. சில மட்டுமே.' மங்கலான விளக்கு, மேலிருந்து எடுத்த படம், பழுப்பு மெருகில் செம்மை வழிந்திருந்தது. நான் ஒரு சனிக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டு டிக்கெட் எடுத்தேன்.

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல், அங்கிருந்து விரைவு ரயிலில் ஐப்போ, இரண்டரை மணி நேரம். எனக்கு நாற்பத்தாறு வெள்ளி, அதாவது ரிங்கிட், ஆனது. வார இறுதிக்கு முன்னதாகவே எடுத்துவிடுங்கள், கடைசி நிமிடத்தில் கிடைக்காது. ஐப்போவில் வண்டிக்கு, முன்பே தெரிந்த மணியம் அண்ணனைக் கூப்பிட்டிருந்தேன். ஐப்போவிலேயே புந்தோங்காரர், சொந்தமாக ஒரு வேன் வைத்திருக்கிறார். ஒரு நாளைக்கு இருநூற்று இருபது வெள்ளி, டோல் சேர்த்து. வழியில் கச்சாங் பூத்தே கடலை ஒரு பொட்டலம் வாங்கி, கேட்காமலே என் மடியில் வைப்பார்.

பழைய நகரத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளைக் காப்பிக்கு வரிசை. அந்த வரிசையைப் படம் பிடிக்க இன்னொரு வரிசை. சுவரில் ஓவியம், ஓவியத்துக்கு முன்னால் குடை பிடித்த புதுமணத் தம்பதி. சனிக்கிழமை பதினொன்றரைக்கு வாகனம் நிறுத்த இடம் தேடினால் அன்றைய நாள் அதிலேயே போய்விடும். மணியம் அண்ணன் என்னைக் கடை வாசலில் இறக்கிவிட்டு, எதிர்ச்சாரியில் ஓரமாக நின்றுகொண்டார்.

கடை அழகாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மூங்கில் திரை, மர அலமாரி, உள்ளே எங்கோ நீர் சொட்டும் சத்தம். உரிமையாளர் நவீன், முப்பது வயதுக்குள் இருக்கும் நம் தமிழ்ப் பையன், கறுப்பு லினன் சட்டை. என்னைப் பார்த்ததும் "வாங்க ஆண்ட்டி" என்றார். அந்த 'ஆண்ட்டி'யைக்கூட நான் மன்னித்துவிட்டேன், கண் அலமாரி மேல் இருந்ததால்.

சுவர் நீளத்துக்கு வரிசையாகக் கிண்ணங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் சின்ன அட்டை. 'இலையுதிர் மழை', நூற்று ஐம்பது வெள்ளி. 'வசந்த மூடுபனி', நூற்று அறுபது. 'முதல் பனி', நூற்று எண்பது. முதல் பனியைக் கையில் எடுத்தேன். எடுத்ததுமே கை சொல்லிவிட்டது.

தேநீர்க் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. குடித்து முடித்த விருந்தாளி, முழங்கையை முட்டியில் ஊன்றி, குனிந்து, கிண்ணத்தைத் தாழப் பிடித்துக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். குயவர் தன்னை மறைக்க முடியாத இடம் அடிதான் என்பார்கள். தேநீர்க் கிண்ணத்துக்கு அடியில் வளையம் போல ஒரு பாதம் இருக்கும். நான் கையில் வைத்திருந்ததற்குப் பாதமே இல்லை. கூம்பாகக் குறுகி, சொரசொரப்பாகத் தட்டையாக முடிந்தது. வெளியே ஏனோதானோவென்று மெருகு, உள்ளே மட்டும் வழவழப்பு. அந்த வழவழப்பு எதற்கென்று எனக்குத் தெரியும். பால் ஒட்டாமல் வருவதற்கு.

உள் விளிம்பில் வெளிறிய ஒரு படலம் இருந்தது. அதுதான் 'முதல் பனி'. நகத்தால் கீறினேன். பனி இழுபட்டது. விட்டதும் சுருண்டுகொண்டது.

"தம்பி, இது மங்கு."

"சாரி?"

"பால் மங்கு. கித்தா மரத்துல பால் வடிய கம்பி கட்டி மாட்டுவாங்களே, அது. எங்கம்மா தெனமும் காலைல நெரை நெரையா இதத் தொடைச்சிக்கிட்டே போவாங்க. ஸ்கூல் லீவுல நானும் தொடைச்சிருக்கேன்."

நவீன் பதறவில்லை. சிரித்தார். "ஆண்ட்டி, தைப்பிங்ல ஒரு பழைய பங்களால கிடைச்சது இது. ஜப்பான் பீஸ். அடியில பாருங்க, குயவர் சீல் இருக்கு."

அடியில் சிவப்புப் பெயிண்டில் மூன்று குறுக்குக் கோடுகள், நடுக்கோட்டில் ஒரு புள்ளி. பட்டையும் பொட்டும். நம் வீட்டுச் சாமி படத்தில் இருப்பதுதான். இதைப் பார்த்து ஒரு தமிழ்ப் பையன் ஜப்பான் குயவரின் முத்திரை என்கிறான்!

"இது ஜப்பான் இல்லன்னு ஒனக்கே தெரியும்தானே?"

கடையில் வேறு யாரும் இல்லை என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மங்குன்னு எழுதி வச்சா அஞ்சு வெள்ளிக்குக்கூட யாரும் தொட மாட்டாங்கலா ஆண்ட்டி. கதை இருந்தாதான் விக்கும்."

கதை இருந்தால்தான் விற்குமாம். இந்த மங்குக்குக் கதை இல்லை என்று இவனுக்கு யார் சொன்னது? விடிவதற்கு முன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில் மரம் மரமாக ஓடி, மழை வந்தால் அன்றைய பாலெல்லாம் தண்ணீராகப் போக, வெறுங்கையோடு திரும்பிய ஜனங்களின் மங்கு இது. நான் இதையெல்லாம் கத்தித்தான் சொன்னேன். என் குரல் சாதாரணமாகவே கொஞ்சம் பெரிசு.

மணியம் அண்ணன் ரோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். "என்னா தங்கச்சி, சத்தம் அந்தப் பக்கம் வரைக்கும் கேக்குது?" என்றவர், என் கையில் கவிழ்ந்திருந்த மங்கைப் பார்த்தார். வாங்கிப் பார்த்தார். "ஏ, இது புஷ்பாக்கா வீட்டு மங்குலா! நான்தான வேன்ல ஏத்திக்கிட்டு வந்தேன், சுங்காய்லேருந்து. போன வருசம். ரெண்டு ட்ரிப்பு. கேலரிக்குன்னுதான் வாடகை பேசுனாங்க."

நவீன் முகத்தில் முதல் முறையாக ஒரு தடுமாற்றம். உடனே சமாளித்துக்கொண்டார். கையை விரித்துக் கடையைச் சுற்றிக் காட்டி, "இதுவும் கேலரிதான் அண்ணே" என்றார்.

மதியத்துக்கு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுவதாக இருந்தேன். சாப்பிடவில்லை, அதனால் எந்தக் கடை நல்லது என்று என்னால் சொல்ல முடியாது. "அண்ணே, சுங்காய்க்குப் போலாம்" என்றேன். அவர் வண்டியைத் திருப்பினார். ஐப்போவிலிருந்து நெடுஞ்சாலையில் தெற்கே சுமார் எண்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட.

டோலை விட்டு இறங்கியதும் இரு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். தோட்டம் கைமாறி, கித்தாவை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டுப் பல காலமாகிவிட்டது. தொழிலாளர் லயங்கள் இருந்த இடத்தில் இப்போது மலிவு விலை வரிசை வீடுகள். அதற்கும் பின்னால், ஓடையோரம், இரண்டு ஏக்கர் மட்டும் தலை சிவந்து நின்றது. புஷ்பாக்காவின் கித்தா. அவரும் அவர் கணவர் கோவிந்தனும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய நிலம். கோவிந்தன் மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டார்.

புஷ்பாக்காவுக்கு அறுபது வயது இருக்கலாம். காலில் பூட்ஸோடு, செம்மண் ஒட்டிய கையோடு தோப்பிலிருந்து வந்தார். தரையெல்லாம் சிவப்பு இலை, மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. மரத்துக்கு மரம் கறுப்புப் பிளாஸ்டிக் மங்குகள், எல்லாம் கம்பியில் கவிழ்ந்திருந்தன. இலை கொட்டும் காலத்தில் பால் வற்றும், மரத்தில் பால் வெட்டாமல் விட்டுவிடுவார்கள். மங்குகளைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார்கள், மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டை வைக்காமல் இருக்க. கவிழ்ந்த மங்கைப் பார்த்தாலே மரம் ஓய்வில் இருக்கிறது என்று அர்த்தம். "மரத்துக்கு லீவு" என்றார் அக்கா.

ஐப்போவிலிருந்து வருகிறோம் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கேலரிக்குப் போனீங்களா? அவரு பேரு எங்க போட்டிருக்காங்க? உள்ள நொழையிறப்பவே தெரியுதா?"

நான் மணியம் அண்ணனைப் பார்த்தேன். அவர் இலையைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். பிளாஸ்டிக் மங்குக்கு மாறியபோது, பழைய மண் மங்குகளை அக்கா வீட்டின் பின்னால் அடுக்கி வைத்திருந்தார். போன வருடம் இரண்டு பேர் வந்தார்கள், நவீன் அதில் ஒருவர். தோட்டப்புற மக்களின் வாழ்க்கையைக் காட்டப்போகிறோம், மங்குகளை வைத்து, பால் வெட்டியவர் பெயரைச் சுவரில் எழுதுவோம், திறப்பு விழாவுக்குக் கூப்பிடுவோம் என்றார்கள். அக்கா ஒரு காசு வாங்காமல் எல்லாவற்றையும் கொடுத்தார். சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குச் சொன்னார். கோயிலில் எல்லாரிடமும் சொன்னார். தோட்டம் போய், செக்ரோல் பதிவேட்டில் இருந்த பெயர் போய், லயத்துக் கதவில் இருந்த எண்ணும் போன பிறகு, கோவிந்தன் என்று ஒருவர் இங்கே முப்பது வருடம் பால் வெட்டினார் என்பதற்கு ஒரு சுவர் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். விழாவுக்கென்று எடுத்த புடவை இன்னும் மடிப்புக் கலையாமல் இருந்தது.

"கழுவித் தாரேன்னேன். வேணாம் அக்கா, அப்படியே குடுங்கன்னாங்க" என்றார். கழுவாமல் விட்ட காய்ந்த பால்தான் 'முதல் பனி'யாக விலை போகிறது என்று எனக்கு அப்போது புரிந்தது.

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடையில் கைப்பேசியில் எடுத்திருந்த படத்தைக் காட்டினேன். அட்டையைப் படித்து, ஜப்பான் கிண்ணம் என்று விற்பதையும் சொன்னேன். விலையைக் கேட்டும் அவர் குனிந்து பூட்ஸ் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஜப்பான்" என்ற சொல்லில்தான் நிமிர்ந்தார்.

"ஜப்பான்காரனா? எங்க வீட்டு மங்கு ஜப்பான்காரனுதா? இவரு தாத்தாவ சண்ட காலத்துல சயாமுக்கு ரயில் போடன்னு அவன்தான புடிச்சிக்கிட்டுப் போனான். போனவரு போனவருதான். இப்ப மங்கும் அவனுதா?"

என்னையும் பலர் கேட்டிருக்கிறார்கள், தமிழச்சி உனக்கு ஜப்பான் சாமான் மேல் என்ன ஆசை என்று. மண் பிசைந்தவனும் துப்பாக்கி பிடித்தவனும் ஒருவனில்லை என்று சொல்வேன். இப்போதும் அதையேதான் நம்புகிறேன். ஆனால் அந்த இரண்டு ஏக்கரில் நின்றுகொண்டு அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"நாளைக்கிக் கூட்டிக்கிட்டுப் போறீங்களா?" என்று அக்கா கேட்டார். அன்றிரவு அவர் வீட்டிலேயே தங்கினோம். சுங்காயில் சின்ன விடுதிகள் உண்டு, எனக்குத் தேவைப்படவில்லை.

ஞாயிறு காலை பத்தரைக்கு ஐப்போ. மணியம் அண்ணன் இரண்டாம் நாள் வாடகை வாங்க மறுத்துவிட்டார், பெட்ரோலுக்கு மட்டும் நான் திணித்தேன். அக்கா அந்தப் புடவையைக் கட்டியிருந்தார். மயில் கழுத்து நிறம், சிவப்புக் கரை. கடையில் கோலாலம்பூர் பக்கத்து ஜோடி ஒன்று கிண்ணங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. நவீனுக்கு எங்களைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. நாற்காலி போட்டார், குளிர்பானம் கொண்டுவரச் சொன்னார். மரியாதைக்குக் குறைவில்லை.

அக்கா உட்காரவில்லை. "பேரு போடுறேன்னு சொன்னீங்க. போடுங்க" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

"போடலாம் ஆண்ட்டி. பார்ட்னர்ஸ்கிட்ட பேசணும். கான்செப்ட் கொஞ்சம் மாறிடுச்சி. நீங்க நம்பர் குடுத்துட்டுப் போங்க, நான் கூப்புடுறேன்."

எனக்கு மறுபடி கொதித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அலமாரிக்குப் போய்விட்டார். முதல் மங்கை எடுத்தார், கவிழ்த்து வைத்தார். அடுத்தது. அதற்கு அடுத்தது.

"ஆண்ட்டி, தொடாதீங்க, ஒடைஞ்சிரும்."

"முப்பது வருசம் தொட்டிருக்கேன் தம்பி. ஒண்ணு ஒடைச்சதில்ல."

அவசரமே இல்லை அவருக்கு. நிரையில் போகிற நடைதான். ஒவ்வொரு மங்கும் கவிழக் கவிழ, அடியிலிருந்த பட்டையும் பொட்டும் மேலே வந்தன. கோவிந்தன் தன் மங்கை யாரும் எடுத்துப் போகாமல் இருக்க, கோயில் வேலையில் மிஞ்சிய பெயிண்டில் தன் கையால் போட்ட அடையாளம். சுவர் நீளத்துக்கு அதுதான் இருந்தது. நவீன் குறுக்கே வரவில்லை, ஜோடியின் கைப்பேசி படம் பிடித்துக்கொண்டிருந்ததால் இருக்கும். அந்தப் பெண் கையில் ஒரு மங்கு இருந்தது. அக்கா கை நீட்டும் முன்பே அவளே அதை அலமாரியில் கவிழ்த்து வைத்தாள்.

"எல கொட்டுற மாசம் இது. மங்கு இப்படித்தான் இருக்கணும்" என்றார் அக்கா. "பேரு எழுதுற வரைக்கும் இப்படியே இருக்கட்டும்."

திரும்பும் வழியில் வேனில் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நாளைக்கி நிமித்திருவான்லா?"

"நிமித்திருவான் அக்கா" என்றேன்.

நிமிர்த்தித்தான் விட்டான். இந்தப் பக்கத்தின் வாசகி ஒருவர், நான் தனியாக விவரம் சொன்னதன்பேரில், போன சனிக்கிழமை அங்கே போய்ப் படம் அனுப்பியிருக்கிறார். மங்குகள் எல்லாம் மல்லாந்து நிற்கின்றன. 'முதல் பனி'க்கு இப்போது இருநூறு வெள்ளி. அக்காவுக்கு அழைப்பு எதுவும் வரவில்லை.

சரி, போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஐப்போவில் உண்மையான ஜப்பானியக் கிண்ணங்கள் கிடைக்கத்தான் செய்கின்றன. ஞாயிறு காலைச் சந்தையில், துணி விரித்துப் பழைய சாமான் விற்பவர்களிடம் பொறுமையாகத் தேடுங்கள். ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், பிறகு வெயில் தாங்காது. படத்தை நம்பி வாங்காதீர்கள். கையில் எடுங்கள், கனம் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். பாத வளையம் இல்லாமல் கூம்பாக முடிந்தால், உள்ளே மட்டும் மெருகிருந்தால், நகத்தில் பனி இழுபட்டால், அது மங்கு. மங்கு வாங்க ஆசைப்பட்டால் மங்கு என்றே வாங்குங்கள். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. மேப்பிள் கிண்ணம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை, தேடுகிற மனநிலையிலும் இப்போது நான் இல்லை.

கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. மூங்கில் திரையும் நீர் சொட்டும் சத்தமும் இருந்தால் அதுதான். உள்ளே போங்கள், காசு கொடுக்க வேண்டாம், சண்டையும் போட வேண்டாம். தேநீர் விருந்தாளி செய்வதைச் செய்யுங்கள். குனிந்து, இரண்டு கையாலும் எடுத்து, அடியைப் பாருங்கள். மூன்று கோடும் பொட்டும் தெரிந்தால் அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். என்ன செய்கிறீர்கள் என்று கடையில் யாராவது கேட்டால், பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்: இது சுங்காய் கோவிந்தனுடைய மங்கு.